தோள்சீலையும் மௌனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கம்பனையும் வள்ளுவரையும் பற்றிப் பேசிக் கேட்ட மேடை இது. இவ்வாண்டு சற்று மாறுபட்ட பொருளை எடுத்துக்கொள்ள விழாக் குழுவினர் இசைவு தந்தனர். சட்டங்கள் மாறி மாறி வந்த காலத்திலே, தம் விசுவாசத்தை வெளிப்படையாகக் காட்டி வாழ்ந்த கிறிஸ்தவ மக்களின் நெஞ்சுரமே இன்றைய பொருள். நம் சங்கத்திலே இந்துக்களும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கின்றோம். ஒரு சமயத்தாரைப் பற்றிய பேச்சு ஏனையோர்க்கு எதற்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டா. இப்பொருள் நம் அனைவருடைய வீட்டு முற்றத்திலும் நிகழ்ந்தது என்பதைச் சொல்லவே வந்திருக்கின்றோம்.

நம் காலனியிலிருந்து நகரத்துக்குச் செல்வோர், பேருந்திலே நடத்துனரிடம் "ஸ்டாச்சு" என்று சொல்லிச் சீட்டு வாங்குகின்றோம். யாருடைய சிலை அது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். நம்மிற் பெரியோர் சிலரும் விழிக்கக் கூடும். அச்சிலைக்குரியவர் சர் தி. மாதவராவ். 1828 இல் நம் கும்பகோணத்திலே பிறந்தவர். மராத்தி பேசும் குடும்பத்தினர். சென்னையிலே கல்வி பயின்றவர். 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கியவர். எதிரே வெண்ணிறமாக நிமிர்ந்து நிற்கும் தலைமைச் செயலகக் கட்டடமும் அவர் காலத்திலே, 1869 இல், எழுந்ததே. நாம் சொல்ல வந்த வரலாற்றின் முதற்பகுதி அவர் திவானாக இருந்த நாளிலே, 1859 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள், ஒரு முடிவை எட்டியது. இரண்டாம் பகுதி, அவர் சிலைக்கு எதிரேயுள்ள அதே வளாகத்திலிருந்து புறப்பட்டு, 1985 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாள் மூன்று குழந்தைகளின் பள்ளிக் கதவைச் சாத்தியது. நாள் ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும் நினைவில் வைத்துக்கொள்ள எளிதாயிற்று.

விளம்பரம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் விளம்பரம் என்றால் சோப்புக்கும் பற்பசைக்கும் பத்திரிகையில் வருவதை நினைக்கின்றோம். இந்த மண்ணிலே விளம்பரம் என்றால் அரசாணை. மன்னர் மனம் மாறினால் விளம்பரம். கம்பெனியின் ரெஸிடெண்டு வற்புறுத்தினால் விளம்பரம். பிரபுக்கள் முறையிட்டால் முந்தியதை மாற்றி மற்றொரு விளம்பரம். இவ்வாறு ஒரே செய்தியைப் பற்றி, அதாவது ஒரு பெண் தன் மார்பின்மேல் ஒரு துணியை இடலாமா என்பதைப் பற்றி, ஐம்பது ஆண்டுகளுக்குள்ளே இந்நாட்டில் எத்தனை ஆணைகள் பிறந்தன என்று எண்ணினால் வியப்பு மேலிடுகின்றது.

அவ்வாணைகளுக்கு முற்பட்ட ஒருவரை முதலில் நினைத்துக்கொள்வோம். நட்டாலத்திலே 1712 இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் அரண்மனையிலே பணி புரிந்தவர். குளச்சற் போரில் 1741 இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745 இல் வடக்கன்குளத்திலே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749 இல் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம் விட்டனர். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் சமயமா, அரசியலா என்பதில் வரலாற்றாசிரியரிடையே மாறுபட்ட கருத்து உண்டு. நாம் இவ்விடத்தில் அவ்வழக்கைத் தீர்க்கப் போவதில்லை. அன்று எழுதிய சட்டம் இல்லை, மன்னர் வாய்மொழியே சட்டம் என்பது மட்டும் நமக்குப் போதும். சமயத்தைக் கைவிட்டால் விடுதலை என்ற வாய்ப்பு இருந்தும் அவர் கைவிடவில்லை என்பதே கோட்டாற்று மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த செய்தி. 2022 மே 15 அன்று ரோமாபுரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். தலைநகர் அந்நாளில் பத்மநாபபுரம். திருவனந்தபுரத்திற்கு அது பெயர்ந்தது 1795 இல்.

தலைநகர் இங்கு வந்த பின்னரே நம் கதை தொடங்குகின்றது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பார் சிதம்பர யாத்திரை சென்றவர், தஞ்சாவூரில் உறவினர் வழியாகக் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். அவர் அழைப்பினை ஏற்று லண்டன் மிஷனைச் சார்ந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1806 இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இந்நாட்டிற் புகுந்தார். மயிலாடியில் ஓர் ஆலயம் எடுக்க இசைவு வேண்டும். இசைவு தரவேண்டியவர் திவான் வேலுத்தம்பி. அவர் காலத்திலே அது கிட்டவில்லை. வேலுத்தம்பியின் கலகமும் முடிவும் 1809 இல் நிகழ்ந்தன. அவ்வாண்டிலேயே மயிலாடி ஆலயம் எழுந்தது. சிறு ஓட்டுக் கூரைக்காகக்கூட ஓர் அரசியற் புயல் கடக்கவேண்டியிருந்தது.

இனித் தோள்சீலைக்கு வருவோம். இளைஞர்களுக்காக அந்நாள் வழக்கத்தைச் சிறிது விளக்க வேண்டும். உயர்ந்தோர் எனப்பட்டார் முன்னிலையில் மார்பைத் திறந்து நிற்றலே மரியாதை என்பது இந்நாட்டு ஆசாரம். நாடார் பெண்கள் எவர் முன்னும் மேலாடை இடல் ஆகாது. இடல் உரியவரான நாயர் பெண்டிரும் நம்பூதிரிமார் முன்னிலையில் அதை நீக்க வேண்டும். ஒருவர் தலைமேல் மற்றொருவர் நின்ற ஏணி அது. கீழ்ப்படியில் இருந்தோர்க்குக் குடை ஆகாது, காற்செருப்பு ஆகாது, பொன்னகை ஆகாது. குடத்தை இடுப்பிலே இடுக்கிச் செல்லலும் ஆகாது. இவற்றோடு கூலியில்லா ஊழியம் வேறு. அரசாங்க ஏடுகளில் இச்சமூகத்தார்க்கு வழங்கிய பழம் பெயரை நாம் இங்குச் சொல்லவில்லை. நாடார் என்றே சொல்வோம்.

கர்னல் மன்றோ ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இரு பதவியும் ஒருங்கே வகித்த நாளில், 1813 இல், கிறிஸ்தவரான பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணையிட்டார். அரசவைப் பிடாகைக்காரர் முறையிட்டனர்: எல்லாரும் மேலாடை இட்டால் சாதி எங்ஙனம் விளங்கும்? ஆணை திரும்பியது. 1814 இல் மற்றொரு சுற்றோலை வந்தது. கிறிஸ்தவ நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் குப்பாயத்தை அணியலாம். நாயர் பெண்டிர் போல் தோளில் சீலை இடல் கூடாது. குப்பாயம் என்பது இடைவரை தளர்ந்து தொங்கும் ஒருவகைச் சட்டை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். பலரும் விரைந்து கடந்து போகும் இடம் இது. 1814 ஆம் ஆண்டு ஆணையின் பயன் யாது? ஒரே ஊர், ஒரே குலம், ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரு சகோதரிகள். ஒருத்தி திருமுழுக்குப் பெற்றவள். அவள் மார்பை மறைக்கலாம். மற்றவள் குலதெய்வத்தை விடாதவள், அவள் மறைக்கலாகாது. மானம் என்பது மனிதப் பிறவி ஒவ்வொன்றுக்கும் உரியது என்று சொல்லாமல், இன்ன சமயத்தார்க்கு மட்டும் சலுகை என்று அரசு சொல்லிவிட்டது. ஆடைக்காகச் சமயம் மாறினர் என்ற ஏச்சு கிறிஸ்தவர்மேல் விழுந்ததும் இதனாலே. சமயம் மாறாதவள் மானமின்றி நின்றதும் இதனாலே. இரு பக்கத்தார்க்கும் தீங்கு செய்த சலுகை என்றே நாம் இதனைக் கருதுகின்றோம்.

அப்பெண்களோ, தந்ததைப் பெற்று அமையவில்லை. குப்பாயத்தின்மேல் தோள்சீலையும் இட்டுக்கொண்டு சந்தைக்குச் சென்றார்கள். ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் சென்றார்கள். அவ்வாறு செய்யுமாறு அவர்களுக்கு எந்த ஆணையும் சொல்லவில்லை. மிஷனெரிமாரின் மனைவியர் தைத்துக் கொடுத்ததும் குப்பாயமே. சீலையை எடுத்துத் தோளில் இட்டது அப்பெண்களின் கையே. 1822 முதற் கல்குளம் பகுதியிலே அவர்களை வழிமறித்து அடித்தனர். சந்தைவெளியில் சீலையைப் பற்றிக் கிழித்தனர். மீட் ஐயர் வழக்குத் தொடுத்தார். 1823 இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் பக்கமே தீர்ப்பளித்தது.

தீர்ப்பு ஏட்டில் இருந்தது; அடி தெருவில் இருந்தது. 1827 தொடங்கிக் கலகம் மீண்டும் மூண்டது. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. அப்போது 1829 பிப்ரவரி 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து விளம்பரம் வந்தது. நாடார் பெண்கள் தோள்சீலை இடல் முறையன்று, இனி இடலாகாது, குப்பாயம் மட்டும் இட்டுக்கொள்ளலாம். இவ்விளம்பரத்தை வெளியிட்டவர் யார் தெரியுமா? ரீஜண்டு ராணி கௌரி பார்வதி பாய். மிஷனுக்கு நாகர்கோவிலிலே பங்களா ஒன்று வழங்கியவர் அவரே. வயல் வாங்க 5000 ரூபாய் அளித்தவரும் அவரே. மீட் ஐயரை நாகர்கோவிலில் நீதிபதியாகவே அமர்த்தியதும் அவர் ஆட்சிதான். கிறிஸ்தவ சமயத்தை வெறுத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆலயம் கட்டப் பணம் தரலாம். ஆலயத்துக்குள் செல்லும் ஏழைப் பெண்ணின் தோளில் ஒரு முழத் துணியைப் பொறுக்க முடியாது. சமயத்தைப் பொறுத்த அரசு, சாதி குலைவதைப் பொறுக்கவில்லை.

மீட் ஐயரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லாமல் போக மனம் வரவில்லை. மனைவியை இழந்த அவர், பின்னாளில் இந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணந்தார். தம்முடைய வெள்ளைத் தோழர்களே அதனைப் பொறுக்கவில்லை. சாதியைப் பற்றி அத்தனை பேசியவர்களின் வீட்டிலும் அது வேறு பெயரில் குடியிருந்தது போலும்! அவர் மிஷனை விட்டு நீங்கித் திருவனந்தபுரத்திலே அரசாங்கக் கல்விப் பணியை மேற்கொண்டு, 1873 இல் இந்நகரத்திலேயே உயிர் நீத்தார்.

தோள்சீலைப் போர் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியது என்று எண்ணுதலும் தவறு. சுவாமித்தோப்பிலே ஐயா வைகுண்டர் எழுந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். மிஷனெரிமாரின் போக்கையும் கண்டித்தவர், மன்னராட்சியின் கொடுமையையும் கண்டித்தவர். தலையிலே பாகை கட்டிக்கொண்டு இறைவன் முன் நிற்கச் சொன்னார். குனிந்து பழகிய தலைகளுக்கு அது எத்தகைய புதுமை என்பதை எண்ணிப் பாருங்கள். 1838 இல் அவரைப் பிடித்து இந்நகரத்துக்குக் கொண்டுவந்து மணக்காட்டையடுத்த சிங்காரத்தோப்பிலே சிறை வைத்தனர். 1839 இல் விடுதலையானார். கிழக்கேகோட்டையிலிருந்து மணக்காட்டுக்கு நடந்து செல்லும்போது நம்மில் எத்தனை பேர்க்கு அந்நினைவு வருகின்றது?

1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா மகாராணியாரின் பிரகடனம் வந்தது. அரசு எவருடைய சமயத்திலும் தலையிடாது என்பது அதன் உறுதி. ஒரே பிரகடனத்தைத் தென் திருவிதாங்கூரில் இரு வகையாகப் படித்தனர். எங்கள் விசுவாசத்துக்குக் காப்பு வந்தது என்றனர் கிறிஸ்தவர். பழைய ஆசாரத்தில் இனி வெள்ளையர் தலையிடார், ஆகவே பழையபடி சீலையைக் கழற்றுக என்றனர் மேற்சாதியார். டிசம்பர் 27 அன்று இங்கிருந்து வந்த அரசாணையோ, பழவழக்கத்தைத் தன்னிச்சையாக மாற்றலாகாது என்றது. அவ்வளவே போதுமானதாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் 1859 பிப்ரவரி வரைக்கும் ஒன்பது ஆலயங்களும் மூன்று பள்ளிகளும் எரிந்தன. வீடுகள் சூறையாயின. சந்தைகளிலே பெண்களின் மேலாடை மீண்டும் கிழிந்தது.

மாதவராவ் அப்போது திவான். முப்பது வயது நிரம்பியவர். பின்னாளில் பரோடாவிலும் இந்தூரிலும் திவானாகி இந்தியா முழுவதும் புகழ்பெற்ற பேரறிஞர். ஆயினும் இந்நிகழ்ச்சியிலே அவர் மெல்லவே அசைந்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. இரு தரப்பும் தவறு செய்தன என்னும் தராசை அவர் ஏந்தினார். ஒரு தட்டிலே எரிந்த ஆலயம், மறு தட்டிலே ஒரு முழத் துணி! ரெஸிடெண்டு ஜெனரல் கல்லனும் நெடுநாள் இந்நாட்டிலே இருந்து பழகிப்போனவர். மிஷனெரிமாரின் முறையீடு சென்னைக்கு எட்டியது. அவ்வாண்டு கவர்னராக வந்த சர் சார்ல்ஸ் டிரெவெலியன், உண்மையும் நீதியும் இவ்வளவு முழுமையாக ஒரே பக்கம் நிற்கும் வழக்கைத் தாம் கண்டது அரிது என்னும் கருத்துப்பட ரெஸிடெண்டுக்குக் கடுமையாக எழுதினார்.

அதன் பின்னரே உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் 1859 ஜூலை 26 அன்று வெளிவந்தது. நாடார் பெண்கள் எச்சமயத்தாராயினும் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்கள் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேற்சாதிப் பெண்டிரைப் போல் அணியலாகாது. கொடுத்த கையாலேயே ஒரு நூலை இழுத்துப் பிடித்துக்கொண்ட ஆணை! எனினும் அதில் உள்ள இரண்டு சொற்களை நாம் பொன்போற் போற்றுகின்றோம். "எச்சமயத்தாராயினும்" என்னும் கருத்து முதன்முதல் அங்கேதான் நுழைந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளாகத் திருமுழுக்குச் சீட்டைக் காட்டிப் பெற்ற உரிமை, அன்று முதல் குலதெய்வத்தை வணங்கிய சகோதரிக்கும் உரியதாயிற்று. கிறிஸ்தவப் பெண்கள் பட்ட அடியின் பயனைக் கிறிஸ்தவர் அல்லாத பெண்களும் பெற்றனர். நூல் இழுத்த கடைசி விதியோ நடைமுறையில் நெடுநாள் நிற்கவில்லை. பெண்கள் தத்தம் விருப்பப்படியே சீலை கட்டத் தொடங்கினர், அரசு கண்டும் காணாதது போல் இருந்தது.

நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்த செய்தி நம் தாய்மார்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பள்ளியில் பயின்ற அடிமைச் சிறுமியர் சிலர், ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தம்மைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொண்டனர். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த விளம்பரம் 1855 இல் வந்தது. அச்சிறுமியர் அதுவரை காத்திருக்கவில்லை.

நண்பர்களே, இதுவரை சொன்ன ஊர்கள் எல்லாம், கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை என்பன, 1956 நவம்பர் 1 முதல் தமிழகத்தைச் சேர்ந்தவை. ஆணைகள் பிறந்த நகரமோ கேரளத்தில். நாம் இந்த நகரத்தில் வாழும் தமிழர். நம்மிடையே அந்நாளில் சீலை இட்டவர்களின் பேத்திகளும் இருக்கின்றார்கள். கிழித்தவர்களின் பெயரர்களும் இருக்கக் கூடும். வேடிக்கை பார்த்தவர்களின் வழிவந்தோர் எல்லாரினும் மிகுதியாக இருப்பார்கள். பொங்கலன்று ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றோம். இதனைப் பேசினால் அப்பந்தி கலைந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் பேசாதிருக்கின்றனர். ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இப்போராட்டம் பற்றி இருந்த பாடத்தை 2019 இல் தேசிய ஆராய்ச்சிக் குழுவினர் நீக்கியதும், பாடச்சுமையைக் குறைத்தல் என்ற பெயரிலேதான். நாகர்கோவிலிலே 2023 மார்ச் 6 அன்று தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவில் தமிழக முதலமைச்சர் ஸ்டாலினும் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் நின்றார்கள். பேசினால் பந்தி கலைவதில்லை என்பதற்கு அது சான்று.

இனி இரண்டாம் ஜூலை 26. அதற்குமுன் நாடு விடுதலை பெற்று, விளம்பரங்களின் காலம் போய், அரசியல் சட்டம் வந்தது. மனச்சான்றின் விடுதலையும், சமயத்தை வெளிப்படக் கூறவும் ஒழுகவும் பரப்பவும் உரிமையும் அதன் 25 ஆம் விதியில் இடம்பெற்றன. "பரப்ப" என்ற சொல் எளிதாக வரவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே அச்சொல்லை நீக்கவேண்டும் என்று வாதித்தோர் பலர். நம் தி. த. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விச்சாலைகளிலே படித்தும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று கூறி, அச்சொல் இருக்கட்டும் என்றார். ஓர் இந்துவின் குரல் அது. பின்னர் 1967 இல் ஒரிஸ்ஸாவும் 1968 இல் மத்தியப் பிரதேசமும் மதமாற்றத் தடைச் சட்டங்களை இயற்றின. பரப்பும் உரிமை என்பது பிறரை மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977 இல் தீர்ப்பளித்து அவற்றை நிலைநிறுத்தியது. வேறு பல மாநிலங்களும் அவ்வழியே சென்றன. தமிழகத்தில் 2002 இல் வந்த அவசரச் சட்டம் 2004 இல் திரும்பிப் போயிற்று. ஆக, எழுதிய அரசியல் சட்டம் இருந்தும், சமய வெளிப்பாட்டின் எல்லைக்கோடு ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றது.

கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர் என்றோர் ஊர். அங்கே ஒரு பள்ளியில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சார்ந்த மூன்று குழந்தைகள் படித்தனர். ஏனைய திருச்சபையார் இச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதில்லை; அது வேறு வழக்கு. காலையில் நாட்டுப்பண் பாடும்போது அம்மூவரும் மற்றவரோடு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். இறைவனுக்கு வேண்டுவதைத் தவிர வேறு எதனையும் அவ்வாறு பாடித் துதித்தல் தம் விசுவாசத்துக்கு ஏலாது என்பது அவர்கள் எண்ணம். அவர்களின் மூத்த சகோதரியரும் முன்பு அவ்வாறே நின்று படித்து வெளியேறினர், எவரும் கேட்டதில்லை.

1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணில் இது பட்டது. சட்டமன்றத்தில் வினா எழுப்பினார். அந்நாளில் சட்டமன்றம் கூடியது எங்கே? மாதவராவ் சிலைக்கு எதிரே, அத்தலைமைச் செயலக வளாகத்திலேயே. விசாரணைக்கு ஒரு குழு அமைந்தது. குழந்தைகள் ஒழுங்கானவர்கள், நாட்டுப்பண்ணை அவமதித்ததில்லை என்று அக்குழுவே சொல்லிற்று. எனினும் கல்வி அதிகாரியின் கட்டளைப்படி ஜூலை 26 முதல் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினர். அதற்கு ஆதாரமாகக் காட்டியவை நம் நகரத்துக் கல்வித் துறை அலுவலகம் 1961 இலும் 1970 இலும் விடுத்த இரு சுற்றறிக்கைகள்.

தந்தை உயர் நீதிமன்றம் சென்றார். தனி நீதிபதி தள்ளினார். அமர்வுக்குச் சென்றார், அங்கும் தள்ளுபடி. நாட்டுப்பண்ணில் யாருடைய சமயத்தையும் புண்படுத்தும் சொல் ஏதுமில்லையே என்று நீதிபதிகள் சொல்லடைவாக ஆராய்ந்தனர். அதற்குமேலும் அந்த எளிய குடும்பம் ஓயவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் 1986 ஆகஸ்டு 11 அன்று தீர்ப்பு வழங்கினர். சட்ட நூல்களில் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர் பெற்றது இதுவே.

தீர்ப்பின் சாரத்தை எளிய தமிழில் சொல்கின்றோம். பாட்டின் பொருள் நல்லதா என்பது இங்குக் கேள்வி ஆகாது. அக்குழந்தைகளின் நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்பதும் கேள்வி ஆகாது. அவர்கள் அதனை உண்மையாகவே, மனச்சான்றோடு நம்புகின்றார்களா? ஆம் எனில் 25 ஆம் விதி அவர்களுக்குக் குடை பிடிக்கும். பாடுவோரைத் தடுத்தல் 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எழுந்து நின்று பாடாதிருத்தல் குற்றமென அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும். ஓர் அலுவலகச் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. அதனைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறிக்க இயலாது. குழந்தைகளை மீண்டும் சேர்த்துக்கொள்க.

சுற்றறிக்கை சட்டம் ஆகாது என்ற இவ்வொரு கருத்து 1859 க்குமுன் இந்நாட்டில் இருந்திருக்குமானால், மன்றோவின் ஆணையைத் திருப்பிய அச்சுற்றோலை என்ன ஆகியிருக்கும் என்று நாம் சில நேரம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அக்குழந்தைகள் பக்கம் நாம் நிற்கின்றோமா என்று நேற்று ஒரு பெரியவர் கேட்டார். நாட்டுப்பண் ஒலிக்கும்போது நாம் எழுந்து நின்று பாடுகின்றோம்; மனமுவந்தே பாடுகின்றோம். நம்முடைய சங்க விழாவும் அதனோடுதான் நிறைவுறும். ஆயினும் சந்தைவெளியில் சீலையோடு நின்ற பெண்ணையும், பள்ளிமுற்றத்தில் வாய்திறவாது நின்ற சிறுமியையும் நாம் ஒரே இடத்தில் வைத்தே நினைக்கின்றோம். ஒருத்தியிடம் கழற்று என்றனர். மற்றவளிடம் பாடு என்றனர். இருவரும் எவரையும் வையவில்லை, எவர்மேலும் கை ஓங்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நிறைவாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வரும் ஜூலை 26 அன்று மாலையில் நம் மன்றத்தில் ஒரு சிறு கூட்டம் கூட்டலாம். மேடையும் மாலையும் வேண்டா. கல்குளம், விளவங்கோடு பகுதியிலிருந்து வந்த குடும்பத்தார், பாட்டிமார் சொல்லிக் கேட்ட செய்திகளைச் சொல்லட்டும். எந்தத் தரப்பின் செய்தியாயினும் சொல்லட்டும். இளைஞர் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பழைய பெட்டிகளில் திருமுழுக்குச் சீட்டோ, குப்பாயமோ, ரேந்தைத் துண்டோ இருந்தால் கொண்டுவரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்குவதாகச் செயலாளர் இப்போதே தலையசைக்கின்றார். மறுநாள் காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஸ்டாச்சுவில் இறங்கி, அச்சிலையின் பீடத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துக் காட்டுவோம்.